பழைய ஜீப்பில் பாதி இஞ்சு, பாதி மில்லி: எந்த சாக்கெட்டுக்கு எது பொருந்தும்?

மலைரோடு:

எல்லோருக்கும் வணக்கம். மாமா ஓட்டிய மகிந்திரா சி.ஜே.-3பி ஜீப் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு எப்போதோ பியூஜோ டீசல் எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் பழையபடிதான்.

என்னிடம் இருப்பது அரை இஞ்சு டிரைவ் சாக்கெட் செட், 8 முதல் 32 மில்லி வரை. எஞ்சின் பக்கம் எல்லாம் கச்சிதமாக உட்காருகிறது. பின்பக்க டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) கவரைக் கழற்றி ஆயில் மாற்றலாம் என்று அடியில் படுத்தால், 13 போட்டால் ஆடுகிறது, 12 ஏறவே மாட்டேன் என்கிறது. போன வருடம் ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். அங்கே 13-ஐப் போட்டே திருகியிருப்பார்கள் போல. கவரில் இருக்கிற பத்து போல்ட்டில் இரண்டுக்கு மூலையே இல்லை, உருண்டு கிடக்கிறது.

இஞ்சை 25.4-ஆல் பெருக்கினால் மில்லி வரும் என்பது தெரியும். ஆனால் 12.7 என்று எந்தச் செட்டிலும் சாக்கெட் கிடையாதே? எது எதற்கு மாற்றாகப் போடலாம், எதற்குப் போடவே கூடாது? முழு இஞ்சு செட் வாங்கித்தான் ஆகவேண்டுமா? உருண்டுபோன அந்த இரண்டு போல்ட்டை எப்படி எடுப்பது?

பழைய பட்டறை:

தம்பி, உங்கள் கணக்கு சரிதான். அந்த போல்ட்டின் தலை அரை இஞ்சு, அதாவது 12.7. 13 அதற்கு ஆகாது. கம்பத்தில் ஜீப் பட்டறை வைத்திருந்தவன் நான். மலை ஏறுகிற ஜீப்பில் இந்த இஞ்சு–மில்லி குழப்பத்தால் போல்ட்டுகள் சீரழிவதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பிரித்துப் பாருங்கள். சி.ஜே.-3பி பிறப்பில் அமெரிக்க வில்லிஸ். ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், சக்கரம் எல்லாம் இஞ்சு. பியூஜோ பிரெஞ்சுக்காரன் எஞ்சின், அது மில்லி. எஞ்சினும் கியர்பாக்சும் சேருகிற இடம்தான் எல்லை. அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகப்படுங்கள். மாற்றி மாட்டியவர் கையில் எது கிடைத்ததோ அதைப் போட்டிருப்பார்.

இப்போது கணக்கு. தச்சு வேலை, இரும்பு வேலை பார்க்கிறவர்கள் சொல்கிற நூல் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மில்லி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு 25.4-ஆல் பெருக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: நூலை மூன்றால் பெருக்குங்கள், அப்புறம் அதே நூலில் ஆறில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 3/4 இஞ்சு என்றால் ஆறு நூல். 18-உம் 1-உம் 19. உண்மையான அளவு 19.05. 9/16 என்றால் நாலரை நூல். பதிமூன்றரையும் முக்காலும் பதினாலேகால். உண்மையில் 14.29. எந்த அளவைப் போட்டாலும் ஒரு பொடி குறைவாக வரும், அவ்வளவுதான்.

ஆனால் மில்லி எண் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. பக்கத்தில் இருக்கிற சாக்கெட் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் விஷயம். சாக்கெட் பெரியதாக இருந்தால் ஏறும், ஆனால் ஆடும். சிறியதாக இருந்தால் ஏறாது. இரண்டில் ஆபத்தானது ஏறுவதுதான், ஏனென்றால் அது நம்மை நம்பவைத்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவை சில இருக்கின்றன. 3/4-க்கு 19. 5/16-க்கு 8, அது 7.94 தான். 1 1/16-க்கு 27, வித்தியாசம் தலைமுடி அளவுகூட இல்லை, 26.99. 5/8 என்பது 15.88, அதற்கு 16 நன்றாகவே பிடிக்கும். 15/16 என்பது 23.81, பெரிய தலை, 24 தாராளமாகப் போடலாம். 1 1/4-க்கு 32 போட்டால் கால் மில்லி ஆடும், அவ்வளவு பெரிய நட்டுக்கு அது பொறுக்கும்.

அப்புறம் ஒரு வழிப்பாதைகள். 7/16 என்பது 11.11. 7/16 சாக்கெட்டை 11 மில்லி போல்ட்டுக்குப் போடலாம். ஆனால் 11 சாக்கெட் 7/16 போல்ட்டில் தட்டித்தான் ஏறும், ஏறினால் கழலாது. 7/8-உம் 22-உம் அதே மாதிரிதான். 7/8 என்பது 22.2, 22 போய் உட்காராது.

இனி கை வைக்கவே கூடாதவை. 3/8-க்குப் 10 போட்டால் கிட்டத்தட்ட அரை மில்லி ஆட்டம், அதுவும் இத்தனூண்டு தலையில். 1/2-க்கு 13, உங்கள் கவரில் நடந்தது. 9/16-க்கு 14 ஏறாது, 15 சுற்றும். 11/16 என்பது 17.46. 17-உம் ஆகாது, 18-உம் ஆகாது.

இந்த மூன்றாம் வகைதான் ஜீப்பில் அதிகம் வரும். காரணம் இதுதான்: 5/16 போல்ட்டின் தலை 1/2, 3/8 போல்ட்டின் தலை 9/16. வண்டியில் பாதிக்கு மேல் இந்த இரண்டு போல்ட்டுதான். கடையில் "மூணு நூல் போல்ட்டு" என்று கேட்டால் தண்டின் கனத்தைச் சொல்கிறோம். அதற்கு மூணு நூல் ஸ்பேனர் போடக்கூடாது, நாலரை நூல் ஸ்பேனர் போடவேண்டும். புதிதாக வருகிற பையன்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

முழு செட் வேண்டாம். 7/16, 1/2, 9/16, 11/16, 7/8, இந்த ஐந்தை மட்டும் உதிரியாக வாங்குங்கள். டிரைவ் சதுரம் எல்லா ஊரிலும் இஞ்சுக் கணக்குதான், மில்லி செட்டானாலும் சரி, ஆகவே உங்கள் ராட்செட்டிலேயே மாட்டிக்கொள்ளும். வாங்கும்போது ஆறுமூலை சாக்கெட்டாகக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் அது மூலையை ஒட்டியேதான் பிடிக்கும். துருப்பிடித்த ஆக்சிலில் ஆறுமூலை தட்டையான பக்கத்தில் அழுத்தி நிற்கும். கூடவே 1/2–9/16 ரிங் ஸ்பேனர் ஒன்று. சாக்கெட் நுழையாத இடம் ஜீப்பில் நிறைய உண்டு.

உருண்ட போல்ட்டுக்கு: ஆயிலை வடித்துவிடுங்கள். தலையைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசலோ துரு இளக்குகிற ஸ்பிரேயோ விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உங்கள் செட்டில் இருக்கிற 12 மில்லி ஆறுமூலை சாக்கெட்டை அந்தத் தலைமேல் வைத்துச் சுத்தியலால் நேராக அடித்து ஏற்றுங்கள். மூலை போன தலை என்பதால் ஏறும். பல் பதிந்து பிடிக்கும். ஒரேயடியாகத் திருகாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சிறு அசைவு, பிறகு கழற்றுகிற பக்கம். கிர்ரென்று ஒரு சத்தம் வந்தால் இளகிவிட்டது என்று அர்த்தம். சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் போல்ட்டை, சதுர ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டுத் தட்டி எடுங்கள். தூக்கிப் போடப்போகிற போல்ட்டுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். நல்ல போல்ட்டில் சாக்கெட்டை அடித்து ஏற்றாதீர்கள்.

லேத்துக்காரன்:

அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றில் மாறுபடுகிறேன்.

சேர்ப்பது: சாக்கெட்டில் 19 என்று எழுதியிருந்தால் உள்வாய் சரியாக 19.00 இருக்காது, கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். நட்டு எழுதிய அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இல்லையென்றால் எதுவும் எதிலும் ஏறாது. 19 சாக்கெட் 19.05 நட்டில் ஏறுவதற்கு அதுதான் காரணம். பழைய வண்டியில் இன்னொன்றும் உண்டு. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது துரு தின்றிருக்கும். ஆகவே அட்டவணையைப் பார்க்கும் முன் தலையைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். மூன்று ஜோடிப் பக்கத்தையும் அளக்கவேண்டும். ஒரு ஜோடி தேய்ந்தும் மற்றது தேயாமலும் இருக்கும்.

மாறுபடுவது: 1/2-க்கு 13 போடவே கூடாது என்பது. தலை புதிதாக இருந்து, சாக்கெட் ஆறுமூலையாக இருந்தால் அவசரத்துக்குப் போடலாம். நானே கண் முன்னால் பலமுறை பார்த்திருக்கிறேன், கழன்று வந்திருக்கிறது.

பழைய பட்டறை:

லேத்துக்காரரே, புதுத் தலை, புது மரை, கையில் பலம் தெரிந்த ஆள், மூன்றும் இருந்தால் கழலும்தான். ஆனால் இந்தத் தம்பியின் ஜீப் மலை மழையில் ஊறிய வண்டி. போல்ட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது திருகிப் பார்த்த பிறகுதான் தெரியும், தெரிகிற நேரத்தில் மூலை போயிருக்கும். ஒரு 1/2 சாக்கெட் என்ன விலை, ஒரு ஆக்சில் ஹவுசிங்கில் உடைந்த போல்ட்டைத் துளைத்து எடுக்கக் கூலி என்ன? வெர்னியர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

ஏ40 யாழ்:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பழைய ஒஸ்டின், மொறிஸ் மைனர் எல்லாம் இன்னும் ஓடுது, அதனால் இந்தப் பிரச்சினையின் மூன்றாவது முகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு உங்களுக்கும் வந்து சேரும், பழைய சாமான் கடையில் 'டபிள்யூ' என்று எழுத்துப் பொறித்த ஸ்பானர் கையில் அகப்படும்.

அது விட்வொர்த். பழைய பிரிட்டிஷ் முறை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் கொண்டுவந்த மரை, 55 பாகைக் கோணம். அந்த ஸ்பானரில் 1/4 என்று போட்டிருந்தால் வாயின் அளவு கால் இஞ்சு இல்லை. கால் இஞ்சு தண்டுள்ள போல்ட்டின் தலைக்கு அது பொருந்தும் என்று அர்த்தம். வாயை அளந்தால் 13.3 மில்லி வரும். 5/16 என்று இருந்தால் 15.2 மில்லி, 3/8 என்றால் 18 மில்லி. உங்கள் ஜீப்புக்கு அமெரிக்க அளவு, தலையின் இரண்டு தட்டைப் பக்கத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் கணக்கு. இரண்டிலும் 3/8 என்று எழுதியிருக்கும், ஒன்று 9.5, மற்றது 18. கடைக்காரர் "இஞ்சு ஸ்பானர்" என்று தந்தால் வாயை அளந்து பார்க்காமல் வாங்காதேங்கோ.

இதைவிடப் பெரிய கூத்து 1948-இல் வந்த முதல் மொறிஸ் மைனரில் இருக்குது. அந்தப் பக்கவால்வ் எஞ்சினில் மரை மில்லி, தலை விட்வொர்த். மொறிஸின் எஞ்சின் பகுதி முன்னர் பிரெஞ்சுக் கம்பனியான ஹொட்ச்கிஸ்ஸிடம் இருந்து வாங்கியது, அந்த மெஷின்கள் மில்லி மரைதான் வெட்டும். இங்கிலாந்துப் பட்டறைகளில் இருந்தது விட்வொர்த் ஸ்பானர், அதனால் தலையை மட்டும் அதற்கேற்ப வைத்தார்கள். தலையைப் பார்த்து மரையை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு அந்த எஞ்சினைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மலைரோடு:

எல்லோருக்கும் நன்றி. 1/2, 9/16 இரண்டும் தேனியிலேயே கிடைத்துவிட்டன, மற்றதை மதுரையில் சொல்லிவைத்திருக்கிறேன். 1/2 போட்டதும் கையிலேயே வித்தியாசம் தெரிந்தது, துளி ஆட்டம் இல்லை. உருண்ட இரண்டும் 12 வைத்தியத்தில் வந்துவிட்டன. அந்தக் கிர்ர் சத்தம் அப்படியே கேட்டது!

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. கழற்றிய பத்தில் ஏழு போல்ட்டின் தலையில் மூன்று கோடு மாதிரி இருக்கிறது. உருண்ட இரண்டில் 8.8 என்று எண் தெரிகிறது, அதன் மரையில் பளபளவென்று இரும்புத் தூள். இன்னொன்றின் தலையில் எதுவுமே இல்லை. ஏ40 ஐயா சொன்னதைப் படித்ததும்தான் இதைக் கவனித்தேன்.

பழைய பட்டறை:

நல்லவேளை கவனித்தீர்கள். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் அதே போல்ட்டைத் திரும்ப மாட்டியிருப்பீர்கள்.

மூன்று கோடு என்றால் அமெரிக்க இஞ்சு போல்ட்டு, கிரேடு 5. ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. எண்ணும் புள்ளியும் வைத்து 8.8, 10.9 என்று இருந்தால் மில்லி போல்ட்டு. கோடும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் சாதாரண போல்ட்டு. அதைத் தலையை வைத்துச் சொல்ல முடியாது, மரையை அளக்கவேண்டும்.

உங்கள் கவரில் நடந்திருப்பது இது: இரண்டு போல்ட்டு எங்கோ தொலைந்திருக்கிறது. யாரோ எம்8 போல்ட்டு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே வரவேண்டியது 5/16, இஞ்சுக்கு 18 மரை. 5/16-இன் தண்டு 7.94, எம்8-இன் தண்டு 8. பார்த்தால் ஒன்றுதான். ஆனால் மரைக்கு மரை இடைவெளி 5/16-இல் 1.41, எம்8-இல் 1.25. கையால் இரண்டு மூன்று சுற்று ஏறும். அதன்பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுத்திருப்பார்கள். அப்போது ஹவுசிங்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அந்தப் பளபளத் தூள் உங்கள் ஆக்சிலின் மரைதான். எம்8 தலை 13 என்பதால் அந்த இரண்டுக்கும் 13 சரியாக உட்கார்ந்திருக்கும், அதே சாக்கெட்டை மற்ற எட்டுக்கும் போட்டிருப்பார்கள். ஆக, நான் முதலில் நினைத்ததுபோல் அந்த இரண்டின் மூலை உருண்டது சாக்கெட்டின் குறையால் இல்லை. சேராத மரையில் வலுக்கட்டாயமாக இழுத்ததால்தான்.

செய்யவேண்டியது: 5/16–18 டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி) ஒன்று வாங்கி, கிரீஸ் தடவி, கையால், நேராக, அந்த இரண்டு ஓட்டையிலும் விடுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. கிரீஸில் ஒட்டிவரும் தூளைத் துடைத்துத் துடைத்து இறக்குங்கள். ஒரு துணியை உள்ளே அடைத்துக்கொள்ளுங்கள், தூள் உள்ளே இருக்கிற கிரவுன் பல்சக்கரத்தின் பக்கம் விழக்கூடாது. பிறகு புது 5/16 போல்ட்டைக் கையால் திருகுங்கள். கடைசிவரை விரலாலேயே போய், அப்புறம் ஸ்பேனரில் நின்று பிடித்தால் போதும், அது மூடிதான், பெரிய பாரம் தாங்குவதில்லை. பிடிக்காமல் சுற்றினால் அதே 5/16–18 அளவுக்கு ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குப் பதிலாக ஓட்டைக்குள் வைக்கிற கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள், லேத்துக்காரர் மாதிரி ஆள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

ஒன்றுமே எழுதாத அந்தப் பத்தாவது போல்ட்டை, நல்ல மூன்று கோட்டு போல்ட்டின் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீளத்துக்கும் இடைவெளி தெரியாமல் உட்கார்ந்தால் அதுவும் 5/16தான்.

லேத்துக்காரன்:

ஹெலிகாயிலுக்கு முன் ஓட்டையை என்னிடம் ஒருமுறை காட்டுங்கள், வார்ப்பிரும்பு ஹவுசிங், பாதி மரை நின்றாலே பிடிக்கும். இன்னொன்று, மில்லி பக்கமும் முழுக்க நம்பவேண்டாம். எம்10 போல்ட்டின் தலை பழைய ஐரோப்பிய வழக்கில் 17, இப்போதைய ஐ.எஸ்.ஓ. வழக்கில் 16, ஜப்பான் வண்டிகளில் 14. எஞ்சினில் யாராவது மாற்றியிருந்தால் ஒரே வரிசையில் இரண்டு அளவு வரும்.

மலைரோடு:

டேப் விட்டாயிற்று, இரண்டும் விரலாலேயே கடைசிவரை போகிறது. பத்தாவதும் 5/16தான். கடைசியாக ஒன்று. நாளைக்குச் சக்கரங்களைக் கழற்றி பிரேக் பார்க்கப்போகிறேன். சக்கர நட்டு 3/4 என்று அளந்தேன், 19 போடலாம்தானே?

பழைய பட்டறை:

போடலாம், ஆறுமூலை 19, நீளமான கைப்பிடி. ஆனால் பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரம் இரண்டுக்கும் இடது மரை. வலப்பக்கம் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருகினால் கழலும், இடப்பக்கம் வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். நட்டு ஏறுகிற ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்ற எழுத்து குத்தியிருந்தால் இடது மரை. உங்கள் வண்டியில் யாராவது ஹப்பையோ ஸ்டட்டையோ மாற்றியிருக்கலாம், ஆகவே நான்கு சக்கரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். எழுத்துத் தேய்ந்திருந்தால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று பார்த்தாலே தெரியும். தெரியாமல் குழாயை மாட்டி இழுக்காதீர்கள்.